சமையற்காரன் கொண்டுபோன தூது



அழைப்பிதழில் என் தலைப்பு ‘செரிமானக் கோளாறுகளும் குடல் ஹார்மோன்களும்’ என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் இன்று பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக வந்தபோது அந்தச் சாலையே என் பேச்சைக் கலைத்து வேறு வரிசையில் அடுக்கிவிட்டது. பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை. அங்கே ஒரு வயிற்று வலி. வடலூரில் பசி. சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்த விவசாயி. முடிகிற இடம் சிதம்பரம், அதாவது சம்பா சாதமும் கொத்சும். வயிற்றைப் பற்றிப் பேச இந்த மாவட்டத்தை விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை.

திருவதிகையிலிருந்து தொடங்குகிறேன். பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், அதாவது பின்னாளில் நாம் அப்பர் என்று அழைப்பவர், சமண சமயத்தைத் தழுவி, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தலைமை ஏற்றிருந்தார். அந்தப் பாடலிபுத்திரம் கங்கைக் கரையில் இருப்பதன்று. இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். ஏழாம் நூற்றாண்டு. அங்கேதான் அவருக்குச் சூலை வந்தது. பள்ளியில் இருந்தவர்கள் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார்கள்: மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். வலி ஏறியதே தவிர இறங்கவில்லை. திருவதிகையில் தொண்டு செய்துகொண்டிருந்த தமக்கை திலகவதியாருக்குச் சேதி அனுப்புகிறார். யாரிடம்? சேக்கிழார் இதைக் கவனமாகச் சொல்கிறார்: தமக்குச் சமைத்துப்போடும் ஆளிடம்.

பெரியபுராணத்தை நான் படித்தது பக்தியால் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பார். நோய்க்குறிப்புக்காகத்தான் படித்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதே சிதம்பரத்தில், தில்லைக் கோயிலில் அரங்கேறிய நூல் அது. வயிற்று வலியால் துடிக்கும் ஒருவர், அடுக்களையிலிருந்து ஓர் ஆளைத் தூது விடுகிறார் என்ற அந்த இடத்தில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். நான் நாற்பது ஆண்டாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விஷயமே அதுதான். ஹார்மோன் என்பது அடுக்களையிலிருந்து புறப்படும் தூது.

அந்தச் சூலை எது என்று டாக்டர்கள் நாலு பேர் கூடினால் ஊகம் தொடங்கிவிடும். குடற்புண் என்பார் ஒருவர், பித்தப்பைக் கல் என்பார் இன்னொருவர், சிறுநீரகக் கல் என்பார் மூன்றாமவர். கணையக் கல் என்பவரும் உண்டு. தென்னிந்தியாவில் அதற்கும் இடமிருக்கிறது. கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் அந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் பார்த்து 1968-ல் ஒரு தனிநூலே எழுதினார்: இளம் வயதில் வயிற்று வலி, கணையத்தில் கல், பிறகு சர்க்கரை நோய். மரவள்ளிக் கிழங்கின் மேல் அப்போது சந்தேகம் விழுந்தது. பின்னால் மரபணுவின் பங்கும் தெரியவந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் முந்தைய நோயாளிக்கு ஸ்கேன் எடுக்க முடியாது என்பதால் நான் இந்த ஊகத்தில் சேர்வதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குடலைப் பிணித்து உடம்பையே மடக்கிப்போடும் வலி என்று அப்பர் தம் முதல் பதிகத்திலேயே இடம் காட்டிச் சொல்லிவிடுகிறார். நோயாளி தம் வார்த்தையில் சொல்லிவிட்டார். இதை ‘நாள்பட்ட அஜீரணம்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடிக்கும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது?

இப்போது தூது விஷயத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, வயிற்றுக்கும் கணையத்துக்கும் இடையே சேதி போவது நரம்பு வழியாக மட்டும்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ரஷ்யாவில் பாவ்லோவ் அதை நிலைநாட்டியிருந்தார். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆராய்ச்சிக்காகவே, நாய்க்கு மணியடித்ததற்காக அல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இரண்டு பேர் இதைச் சோதிக்க நினைத்தார்கள். வில்லியம் பேய்லிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங். ஸ்டார்லிங்கின் சகோதரியைக் கட்டியவர் பேய்லிஸ். நம்மூர்க் கணக்கில் மாமன் மச்சான்.

1902 ஜனவரி 16. மயக்கத்தில் கிடக்கும் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக் குழாய் மட்டும் மிச்சம். அந்தத் துண்டுக்குள் கொஞ்சம் அமிலத்தை விட்டார்கள். கம்பி அறுந்த வீட்டில் விளக்கு எரியக் கூடாது. ஆனால் கணையம் சுரந்தது. ஸ்டார்லிங் அடுத்து செய்த காரியம் எந்த ஆய்வுக் கருவியும் தேவைப்படாதது. குடலின் உட்தோலைச் சுரண்டி எடுத்தார், மணலும் அமிலமும் சேர்த்து அம்மியில் அரைப்பதுபோல் அரைத்தார், வடிகட்டினார், வேறிடத்தில் ஒரு ரத்தக் குழாயில் ஏற்றினார். கணையம் மறுபடியும் சுரந்தது. கம்பி இல்லாமலேயே சேதி போயிருந்தது. ஓர் ஆள் ரத்தத்தில் நடந்து போயிருந்தார். அந்த ஆளுக்குச் செக்ரிட்டின் என்று பேர் வைத்தார்கள். மூன்றாண்டு கழித்து, 1905-ல், இப்படிப்பட்ட தூதர்கள் எல்லோருக்கும் பொதுப்பேராக ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் ஒரு சொற்பொழிவில் அறிமுகப்படுத்தினார். பாவ்லோவின் ஆய்வகத்தில் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், சரியாகவே வந்தது. அவர் ஒப்புக்கொண்டார்.

ஹார்மோன் என்றதும் நமக்குத் தைராய்டும் இன்சுலினும் மாதவிடாயும்தான் நினைவுக்கு வருகின்றன. உலகம் முதன்முதலில் ஹார்மோன் என்று பேர் வைத்துக் கண்டுகொண்டது குடலில். உடம்பிலேயே மிகப் பெரிய நாளமில்லாச் சுரப்பி எது என்று தேர்வில் கேட்டால் மாணவர்கள் தைராய்டு என்று எழுதுகிறார்கள். குடல் என்று எழுதியவருக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். அந்தச் செல்கள் ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டிருப்பதில்லை. வயலில் தூவிய உளுந்துபோல உட்தோல் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. அதனால்தான் இத்தனை காலம் கண்ணுக்குத் தப்பின.

இனி சம்பா சாதம். இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது கடலூர்க்காரருக்குக் கடல் காட்டுவதாகும். வெளியூர்க்காரருக்காக ஒரு வரி. நடராசர் கோயில் நைவேத்தியம். மிளகும் சீரகமும் பொடித்து, நெய்யில் பிரட்டிய சோறு. கொத்சு, கத்திரிக்காயை வதக்கி மசித்து, புளிவிட்டு, வறுத்த மல்லியும் மிளகாயும் அரைத்துப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க இறக்குவது. ஒரு கவளத்தை வாயில் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனை மூக்கில் ஏறியபோதே இரைப்பைக்கு முதல் சேதி போய்விட்டது. அது நரம்பு வழி, பாவ்லோவ் சொன்னபடி. சோறு இரைப்பையில் விழுந்ததும், அங்கிருந்து காஸ்ட்ரின் கிளம்பி அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. அரைபட்ட கூழ் புளிப்பேறிச் சிறுகுடலின் வாசலுக்கு வருகிறது. புளிப்பைக் கண்டதும் செக்ரிட்டின் புறப்படுகிறது. கணையம் காரநீரை விட்டு அமிலத்தை அடக்குகிறது. நெய்யும் நல்லெண்ணெயும் வந்தது தெரிந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்று நீண்ட பெயர்கொண்ட இன்னொருவர் கிளம்புகிறார். பித்தப்பையை அழுத்திப் பித்தநீரைப் பிழிவது அவர் வேலை. கூடவே இரைப்பையின் வாசலுக்கு ‘கொஞ்சம் பொறு, உள்ளே இடமில்லை’ என்று சொல்லியனுப்புவதும் அவர்தான். எண்ணெய்ப் பண்டம் தின்றால் வயிறு கனத்துக் கிடப்பது அதனால். பித்தப்பையில் கல் இருப்பவருக்கு விருந்துக்குப் பிறகு நடுராத்திரியில் வலி எடுப்பதும் அவர் கைங்கரியமே.

அடுத்த கட்டம் சர்க்கரை. 1960-களில் ஒரு வேடிக்கை தெரியவந்தது. ஒரே அளவு குளுக்கோஸை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றினால் வருகிற இன்சுலினைவிட, வாய் வழியாகக் குடிக்கும்போது வருகிற இன்சுலின் மிகவும் கூடுதல். வயிற்றின் வழியாகப் போனால் மட்டும் கணையத்துக்கு ஏன் இந்த உபசாரம்? குடல் முன்கூட்டியே ஆள் அனுப்பிவிடுகிறது, ‘சோறு வருகிறது, தயாராக இரு’ என்று. அந்த ஆட்களில் ஒருவர் ஜிஐபி, இன்னொருவர் ஜிஎல்பி-1. சாப்பாட்டுக்குப் பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் இவர்கள் சொல்லி வருவதுதான். வகை 2 சர்க்கரை நோயில் இந்த உபசாரம் குன்றிப்போகிறது.

ஜிஎல்பி-1 தூதருக்கு ஆயுள் மிகக் குறைவு. ரத்தத்துக்குள் நுழைந்ததும் டிபிபி-4 என்ற நொதி அவரை வெட்டிவிடுகிறது; இரண்டு நிமிடத்தில் பாதிப்பேர் காலி. உங்களில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் ‘கிளிப்டின்’ என்று முடிந்தால், அது அந்த நொதியின் கையைக் கட்டும் மாத்திரை. 2023-ல் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இவர்களில் எத்தனையோ பேர் தினமும் காலையில் குடல் ஹார்மோனைக் காப்பாற்ற ஒரு மாத்திரை விழுங்குகிறார்கள், அது குடல் சமாசாரம் என்று தெரியாமலே.

இந்த ஆராய்ச்சி மாவட்டத் தலைநகரங்களில் ஏன் நடக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டு நிமிடத்தில் காணாமல்போகும் ஆளை எப்படிப் பிடிப்பது? ரத்தம் எடுக்கும் குழாய்க்குள்ளேயே அந்த நொதியைத் தடுக்கும் மருந்து இருக்க வேண்டும். எடுத்த கையோடு பனிக்கட்டியில் வைக்க வேண்டும், குளிர்சுழலியில் பிரிக்க வேண்டும், மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். ஒரு முறை கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்காவிட்டால் ஆறு மாத உழைப்பு தண்ணீர். நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அன்று இரவு ஃபிரீசரைத் திறந்து பார்த்த என் ஆய்வு மாணவி ஒன்றும் சொல்லவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள், தொண்ணூற்றாறும்.

அதனால்தான் நம் பக்கத்து ஆராய்ச்சி பெரும்பாலும் எலியோடு நின்றுவிடுகிறது. இதே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் 2000-களின் தொடக்கத்தில், பெருங்குடல் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு வெந்தயம் கொடுத்துப் பார்த்தார்கள். குடலுக்குள் தீங்கு செய்யும் சில நொதிகளின் வேகம் அடங்கியது. நல்ல வேலை. மனிதரிடம் வெந்தயத்தைச் சோதித்தவர்கள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார். சர்க்கரை குறைவதை 1990-ல் வெளியிட்டார்கள். வெந்தயம் எந்தத் தூதரை எழுப்புகிறது, எவரைத் தூங்க வைக்கிறது என்பதை நம் வயிற்றில், நம் சோற்றோடு சேர்த்து அளக்கிற வேலைதான் பாக்கி.

மனிதரிடமே செய்த ஆராய்ச்சிக்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை, வேலூரில் இருக்கிறது. 1960-ஐ ஒட்டி வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு கொள்ளைநோய்போலப் பரவியது. வாரக்கணக்கில் கழிச்சல், நாக்கு வெந்துபோதல், உடம்பு உருகுதல், சோகை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் வீடுவீடாகப் போய்ப் பின்தொடர்ந்தார்கள். ‘டிராப்பிகல் ஸ்புரூ’ என்ற அந்த நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்ததில் பெரும்பங்கு அவர்கள் தந்தது. மெலிந்துபோன குடல் சும்மா இருப்பதில்லை. மேற்குடல் உறிஞ்சாமல் விட்ட சத்து கீழ்க்குடல்வரை போய்ச் சேர்கிறது. கீழ்க்குடல் பதறிப்போய்த் தூதர்களைக் கூட்டமாக அனுப்புகிறது. இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் எண்டரோகுளுக்ககான், மோட்டிலின் என்ற இரண்டு தூதர்கள் உயர்ந்திருப்பதை 1979-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் ஸ்டீபன் புளூம் குழுவினர் காட்டினார்கள்.

வேலூரின் இன்னொரு கொடை எனக்கு இதைவிடப் பிடித்தமானது. ஓ.ஆர்.எஸ். கரைசல் உங்களுக்குத் தெரியும். 1971-ல் வங்க அகதிகள் முகாமில் திலிப் மகலானபிஸ் அதை டிரம்களில் கலந்து உயிர்காத்த கதையும் தெரிந்திருக்கும். அது சிறுகுடலை நம்பிய மருந்து. பெருங்குடலையும் வேலை வாங்கினால் என்ன என்று வேலூரில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் கேட்டார்கள். எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் கலந்தார்கள். அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, சிறு கொழுப்பமிலங்களாக மாற்ற, அந்த அமிலங்கள் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்தன. காலரா நோயாளிகளின் பேதி குறைந்தது. இந்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. அதே சிறு கொழுப்பமிலங்கள் கீழ்க்குடலின் செல்களைத் தட்டி எழுப்பி ஜிஎல்பி-1-ஐயும் சுரக்க வைக்கும் என்பது பின்னால் தெரிந்தது.

பழைய சோறு இங்கேதான் கதைக்குள் வருகிறது. வடித்து ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. இரவெல்லாம் நீரில் ஊறினால் நுண்ணுயிர்களும் சேர்ந்துகொள்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ‘நம் பாட்டிமார் அன்றே அறிவியல் அறிந்து செய்தார்கள்’ என்று தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதில் நான் சேரமாட்டேன். பாட்டி பழையதைத் தின்றது மிச்சச் சோறு அதுதான் என்பதால். நல்லதை முதலில் யாருக்குப் போட்டார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

தெற்கே இன்னும் கொஞ்சம் போகலாம். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் ஹோவார்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இருந்தார். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றியவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே திரண்டு கிடந்த நோயாளிக் கூட்டத்தையும் தன்னந்தனியாக அல்லாடிய மருத்துவரையும் பார்த்ததும் லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு வந்து தங்கிவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனது தனிக்கதை. நெய்யூரில் அவர் கண்டது முன்சிறுகுடல் புண்; அதுவும் ஆயிரக்கணக்கில். இரைப்பையை நேரே நடுக்குடலோடு இணைத்துத் தைக்கும் அறுவையை அவர் செய்துகொண்டே இருந்தார். அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் எச். பைலோரி என்ற பாக்டீரியா என்று 1980-களில் ஆஸ்திரேலியர்களான வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தபிறகு, அந்த அறுவையே அநேகமாகக் காலாவதியாகிவிட்டது. இரண்டு வார மாத்திரை போதும்.

ஆனால் அப்படி வழிமாற்றித் தைக்கப்பட்டவர்கள் சிலருக்குச் சாப்பிட்ட அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றோட்டம். சோறு வாசலில் நிற்காமல் ஒரே பாய்ச்சலாக நடுக்குடலில் விழுகிறது; தூதர்கள் கும்பலாகக் கிளம்புகிறார்கள். மருத்துவர்கள் அதைப் பக்கவிளைவு என்று சலித்துக்கொண்டார்கள். உடல்பருமனுக்காக இதே பாணியில் வழிமாற்றும் அறுவை வந்தபோது, எடை இறங்குவதற்கு முன்பே சில நாட்களில் நோயாளிகளின் சர்க்கரை இறங்கியது. ஜிஎல்பி-1 எகிறியிருந்தது. நெய்யூரில் தொல்லையாக இருந்தது இங்கே வைத்தியமாகிவிட்டது. அறுவை இல்லாமலே அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால்? இரண்டு நிமிட ஆயுளை நீட்ட வேண்டும். வழி காட்டியது அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு விஷப் பல்லி, கிலா மான்ஸ்டர். அதன் விஷத்தில் ஜிஎல்பி-1-க்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற ஒரு பொருளை ஜான் எங் 1992-ல் கண்டார். அதை நொதி எளிதில் வெட்டுவதில்லை. அதிலிருந்து வந்த மருந்துக்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் வந்த செமாக்ளூடைடு வாரத்துக்கு ஒரு ஊசி. 2025-ல் எடைக்குறைப்புக்கான செமாக்ளூடைடும், இரண்டு தூதர்களின் வேலையை ஒன்றாகச் செய்யும் டிர்செபடைடும் இந்திய மருந்துக்கடைகளுக்கு வந்துவிட்டன.

இந்த ஊசி செய்கிற முக்கியமான காரியம் பசியை அடக்குவது. அதனால் வடலூர் வழியாக வரும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியைப் பிணி என்றவர் அவர். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் பசித்தவன் உடம்பை அவர் வர்ணிக்கிற பக்கத்தை நான் மாணவர்களை வாசிக்கச் சொல்வதுண்டு. கண் குழிவது, காது அடைத்துப் போவது, நா உலர்வது என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு நல்ல மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பு அது. பசிக்கு ரத்தத்தில் ஓர் ஆள் உண்டு என்பதை அறிவியல் கண்டுகொள்ள அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆனது. 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து கிரெலினைப் பிரித்தெடுத்தார்கள். வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையின் மேல்பகுதியிலிருந்து கிளம்பி மூளையைத் தட்டுகிற ஆள். சாப்பிட்டதும் அடங்கிவிடுவார்.

கிரெலினுக்கு ஒரு குணம் உண்டு: கடிகாரம் பார்ப்பது. தினமும் எட்டு மணிக்கு இட்லி தின்கிறவருக்கு எட்டுக்குச் சற்று முன்பே உயரும். அன்றைக்கு விரதம் என்றாலும் உயரும். சோறு வராவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே இறங்கும். ஏகாதசி இருப்பவர்கள் ‘பதினோரு மணியைத் தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது’ என்பது இதுதான். வயிறு காலியாக இருக்கும்போது கடகடவென்று சத்தம் போடுகிறதே, அதற்குப் பொறுப்பாளர் வேறு: மோட்டிலின். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குடலைக் கூட்டிப் பெருக்கச் சொல்லி அனுப்புகிற மேஸ்திரி. மணிக்கொரு தரம் டீயும் பிஸ்கட்டும் உள்ளே போனால் கூட்டுகிறவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிடுவார். எரித்ரோமைசின் சாப்பிட்டவருக்கு வயிறு பிசைவது ஏனென்றால், அந்த ஆன்டிபயாட்டிக் மோட்டிலினின் குரலில் பேசுகிறது.

ஊசி போட்டுக்கொண்ட ஒரு வங்கி மேலாளர் என்னிடம் சொன்னார், “சார், சாப்பாட்டு நெனப்பே வர்றதில்ல. வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடறப்ப நான் போன் பாத்துக்கிட்டிருக்கேன்.” சர்க்கரை இறங்கியிருந்தது, எடை இறங்கியிருந்தது, முழங்கால் வலிகூடப் போயிருந்தது. மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு அது தேவைதான். வள்ளலார் அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: பசி இல்லாவிட்டால் மனிதர் ஒருவரை ஒருவர் எதிர்பார்க்கவே மாட்டார்கள் என்று. பிணி என்றவரே அதை உதவி என்றும் சொல்கிறார். வங்கி மேலாளர் போன் பார்த்த கதையைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த இடம் விளங்கியது. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான்; அது முடிந்தால் விலை இறங்கும். தருமச்சாலை அடுப்பு எரிகிற மாவட்டத்திலேயே பசியை அடக்கும் ஊசிக்கு வரிசை நிற்கும். இரண்டும் தேவைப்படுகிற மனிதர்கள் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய நிலவரம்.

சேத்தியாத்தோப்பு விவசாயிக்கு வருகிறேன். வீராணம் பாசனத்தில் நெல் போடுகிறவர், அறுபதைத் தாண்டியவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நான் அப்போது வேறொரு ஊரில் வேலை பார்த்தேன். முதல் நாளே சொன்னார், “நேத்துத் தின்ன சோறு இன்னிக்கும் நிக்குது சார்.”

நான், “எத்தனை நாளா ஐயா?” என்று கேட்டுக்கொண்டே கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் ‘டிஸ்பெப்சியா’ என்று எழுதினேன். அமிலத்தை அடக்கும் மாத்திரை. அடுத்த மாதம் வந்தார், “ரெண்டு வாய் தின்னாலே தொண்டை வரைக்கும் வந்துடுது.” மாத்திரையை மாற்றினேன். மூன்றாவது முறை கேஸ் டிரபிள் என்று அவரே சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார், நான்தான் கற்றுக்கொடுத்தேன். நாலாவது முறை சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கியதால் எண்டோஸ்கோபி பார்த்தோம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குமேல் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மகன் சத்தியம் செய்தான். குழாய் இரைப்பைக்குள் இறங்கியதும் திரையில் சோறு தெரிந்தது. பருக்கை பருக்கையாக. அதற்கு நடுவில் ஒரு கறிவேப்பிலை, பச்சை மாறாமல்.

அவர் சொன்னது உவமை அல்ல. நேற்றுத் தின்ன சோறு நின்றுகொண்டிருந்தது. பல வருடச் சர்க்கரையில் இரைப்பையின் நரம்புகள் சோர்ந்துபோய், கூட்டித் தள்ளும் வேலையே நின்றுபோயிருந்தது. காஸ்ட்ரோபரேசிஸ் என்று அதற்கு ஒரு கிரேக்கப் பெயர். ஜிஎல்பி-1 ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இரைப்பை காலியாவது தாமதப்படும் என்பதால், மயக்க மருந்து கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள் என்று இப்போது கேட்கிறோம். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-ல் எச்சரிக்கை விடுத்தது. அந்த மருந்து செய்வதை நோய் இவருக்குக் கட்டணமில்லாமல் செய்திருந்தது.

நோயாளி சொன்னதைக் காதில் வாங்காத இதே தவறு ‘மலச்சிக்கல்’ என்ற சொல்லிலும் நடக்கிறது. வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போனால்தான் மலச்சிக்கல் என்பது மேல்நாட்டு இலக்கணம். இந்தியர்களில் பெரும்பாலானோர் நாளுக்கு ஒரு முறையாவது போகிறவர்கள். தினமும் போகிற ஒரு பெண்மணி “சரியா வரலீங்க” என்றால், நாம் புத்தகத்தைப் பார்த்து, அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். குடலின் செரடோனின், அதாவது உடம்பிலுள்ள செரடோனினில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல், எப்படி வேலை செய்கிறது என்று நம் மக்களிடம் அளக்கப்போகிற மாணவர் முதலில் அந்த அம்மாள் ‘சரியா வரல’ என்றது எதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வயிறு நிக்குது, பொருமுது, மந்தமா இருக்கு, உருண்டு வருது, கவ்விப் பிடிக்குது, எதுக்களிக்குது. ஒவ்வொன்றும் வேறு இடம், வேறு தூதர். இவற்றையெல்லாம் ‘கேஸ்’ என்று ஒரே மூட்டையில் கட்டியவர்கள் நாங்கள்தான், நோயாளிகள் அல்ல.

அந்தப் பெரியவருக்கு நாளுக்கு மூன்று வேளை தின்பதை விட்டு, ஆறு வேளையாகப் பிரித்துக் குழையக் குழையக் கொடுக்கச் சொன்னோம். நார் குறைத்து, எண்ணெய் குறைத்து. சர்க்கரைக்குக் கணக்காக இன்சுலின். எரித்ரோமைசினைச் சிறு அளவில் சில வாரம், மோட்டிலின் குரலில் பேச. கொத்சு சாப்பிடலாமா என்று கேட்டார். கத்திரிக்காய்த் தோலை எடுத்துவிட்டு மசித்தால் ஒரு கரண்டி என்றேன். பேரம் பேசி இரண்டு கரண்டி ஆக்கிக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து நடவுக்கு நடுவில் ஒரு நாள் வந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. உட்கார்ந்ததும் புகார் சொல்வதுபோலச் சொன்னார், “பதினோரு மணி ஆனா பசிக்குது சார்.”

கேஸ் ஷீட்டில் அதை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டேன்.